பழைய கார்களும் மாற்று உறுப்புகளும்

ஒரு வண்டியின் உறுப்பை மற்றொரு வண்டியில் பொருத்துவது பழைய கார்களைப் பேணுவோர் அனைவரும் அறிந்த வழக்கம். ஆணிகள் நுழையும் துளைகள் ஒத்துப்போயின, மரைகள் இறுகின, சக்கரம் தடையின்றிச் சுழன்றது. வேலை முடிந்துவிட்டது என்று பலர் கருதுகின்றனர். ஆனால், பொருந்துவது வேறு. பொருத்தமாய் இருப்பது வேறு. கதவின் கைப்பிடியிலோ கண்ணாடியிலோ இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் விடலாம். வண்டியை நிறுத்தும் பிரேக்கிலும், அதனைத் தாங்கும் சஸ்பென்ஷன் என்னும் தாங்கமைப்பிலும் அவ்வாறு விட்டுவிட இயலாது. அங்கே நேரும் பிழைக்கு வண்டியில் இருப்போர் மட்டுமன்றி, வழியே நடந்து செல்லும் முன்பின் அறியாதவரும் விலை கொடுக்க நேரிடும்.

மாணவர்களாகிய உங்களுக்கு இப்பொருள் எதற்கு என்று கேட்கலாம். பாஸ்கல் விதி, உராய்வு, நிலைமம், ஆற்றல் மாறாமை ஆகியவற்றை வகுப்பறையில் படிக்கிறீர்கள். ஒரு பழைய காரின் பிரேக்கை மாற்ற முற்படுபவன் இவை அனைத்தையும் ஒரே நாளில் சந்திக்கிறான். ஆதலால், ஒரு குறிப்பிட்ட கார்க் குடும்பத்தை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஸ்டாண்டர்டு டிரையம்ஃப் நிறுவனத்தார் 1959-ஆம் ஆண்டில் டிரையம்ஃப் ஹெரால்டு என்னும் சிறு காரை வெளியிட்டனர். அதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. அக்காலத்துச் சிறு கார்கள் பல, உடலும் அடிச்சட்டமும் ஒன்றாய் இணைந்தவையாக இருந்தன. ஹெரால்டோ தனி அடிச்சட்டம் உடையது. அதன்மீது உடற்பகுதிகள் மரையாணிகளால் பூட்டப்பட்டிருந்தன. இந்த அமைப்பினால் அதே அடிச்சட்டத்தைச் சற்று மாற்றி வேறு வண்டிகளையும் செய்வது எளிதாயிற்று. சட்டத்தைக் குறுக்கி, இருவர் அமரும் ஸ்பிட்ஃபயரை 1962-இல் வெளியிட்டனர். அதே ஆண்டில் ஆறு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தி வைட்டெஸ் என்ற காரைக் கொணர்ந்தனர். 1966-இல் இரண்டு லிட்டர் எஞ்சினுடன் ஜி.டி.6 பிறந்தது. நம் சென்னைக்கும் இக்குடும்பத்தில் பங்குண்டு. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் இக்காரை இங்கே உருவாக்கிற்று.

நான்கு வண்டிகளும் உடன்பிறந்தவை போன்றவை. முன்சக்கரத்தைத் தாங்கும் கைகள், நடுவே நிற்கும் செங்குத்துத் தண்டு, பின்புறத்துக் குறுக்கு வில் ஆகியவற்றின் அடிப்படை அமைப்பு ஒன்றே. இந்த முன்பக்கத் தண்டைப் பிற நிறுவனத்தாரும் நாடினர். லோட்டஸ் இலான் என்னும் புகழ்பெற்ற பந்தய வகைக் கார்கூட டிரையம்ஃபின் தண்டையே முன்சக்கரங்களுக்குக் கொண்டது. ஆகவே, டிரம் பிரேக் உள்ள பழைய ஹெரால்டை வைத்திருப்பவர், உடைத்து விற்கப்படும் ஸ்பிட்ஃபயரிலிருந்து டிஸ்க் பிரேக்கைக் கழற்றி வந்து பொருத்த விரும்புவது இயல்பே. அந்த விருப்பம் தவறன்று. அதனை எவ்வாறு நிறைவேற்றுவது என்பதே கேள்வி.

முதலில் பிரேக்கின் பணி யாதெனக் காண்போம். ஓடும் வண்டியிடம் இயக்க ஆற்றல் இருக்கிறது. பிரேக் அந்த ஆற்றலை அழிப்பதில்லை; வெப்பமாக மாற்றுகிறது. ஆட்களோடு சேர்த்து 800 கிலோ எடையுள்ள ஒரு கார் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். அதனிடம் ஏறத்தாழ 1,97,000 ஜூல் ஆற்றல் இருக்கும். அறை வெப்பத்தில் உள்ள சுமார் 0.6 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. ஒருமுறை வண்டியை நிறுத்தும்போது அவ்வளவு வெப்பமும் சில வினாடிகளில் நான்கு சக்கரங்களின் பிரேக்குகளில் பிறக்கிறது. வேகம் 80-இலிருந்து 100 ஆக உயர்ந்தால், ஆற்றல் ஒன்றரை மடங்குக்கும் சற்று மிகுதியாகிவிடும். வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஆற்றல் பெருகுவதே இதற்குக் காரணம். எஞ்சினின் வலிமையைக் கூட்டிவிட்டுப் பிரேக்கைப் பழையபடியே விடுவது ஏன் பேதைமை என்பது இக்கணக்கினால் விளங்கும்.

டிரம் பிரேக்கில் உராயும் கட்டைகள் ஓர் இரும்புப் பேழைக்குள் அடங்கியுள்ளன. வெப்பம் எளிதில் வெளியேறாது. மலைப்பாதையில் தொடர்ந்து இறங்கும்போது பேழை சூடேறி விரிகிறது. கட்டையின் உராயும் திறனும் குன்றுகிறது. மிதியை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி முன்போல் நிற்பதில்லை. டிஸ்க் பிரேக்கிலோ சுழலும் தட்டு காற்றில் திறந்து நிற்கிறது. இருபுறமும் சிறு திண்டுகள் அதனைக் கவ்வுகின்றன. வெப்பம் விரைவில் நீங்குகிறது. நீர் பட்டாலும் விரைவில் உலர்கிறது. 1962-இல் வந்த ஸ்பிட்ஃபயருக்கு முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக் தொடக்கத்திலேயே அளிக்கப்பட்டது. பின்னாளில் வந்த ஹெரால்டு 13/60 என்னும் காருக்கும் அதுவே இயல்பாயிற்று. ஆகவே பழைய ஹெரால்டுக்கு அதனைக் கொணர்வது, அக்குடும்பத்தார் தாமே சென்ற வழியில் செல்வதாகும்.

ஆயினும் டிரம் பிரேக்குக்கு ஒரு தனிப் பண்பு உண்டு. சக்கரம் சுழலும் திசையோடு ஒத்து நிற்கும் கட்டையைச் சுழலும் டிரம்மே மேலும் உள்ளிழுத்து இறுக்கிக்கொள்கிறது. ஓட்டுநரின் கால் கொடுத்த அழுத்தத்தோடு சக்கரத்தின் சுழற்சியும் துணை சேர்கிறது. டிஸ்க் பிரேக்கில் இத்துணை இல்லை. கால் கொடுப்பதை எண்ணெய் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதற்குமேல் ஒன்றும் கூடாது. ஆதலால், தட்டையும் கவ்வியையும் மட்டும் மாற்றிவிட்டு, மிதியின் கீழுள்ள மாஸ்டர் சிலிண்டரைப் பழையபடி விட்டால், மிதியின் இயல்பு முற்றிலும் மாறிவிடக்கூடும்.

இங்கேதான் பாஸ்கல் விதி வருகிறது. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லா இடத்துக்கும் குறைவின்றிப் பரவும். அழுத்தம் என்பது விசையைப் பரப்பினால் வகுத்து வருவது. மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் ஓர் அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு எனக் கொள்வோம். அதன் பிஸ்டனின் பரப்பு ஏறக்குறைய 1.98 சதுர சென்டிமீட்டர். மிதியின் நெம்புகோல் வழியாக அப்பிஸ்டனில் 60 கிலோ எடைக்கு ஈடான விசை விழுந்தால், சதுர சென்டிமீட்டருக்கு 30 கிலோ அழுத்தம் உண்டாகும். அதை எடுத்துவிட்டு முக்கால் அங்குல விட்டமுள்ள சிலிண்டரை வைத்தால் பரப்பு 2.85 சதுர சென்டிமீட்டராகிறது. அதே விசைக்கு அழுத்தம் 21 கிலோ மட்டுமே. கால் அதே வலிமையோடு அழுத்துகிறது. பிரேக்கோ ஏறத்தாழப் பத்தில் மூன்று பங்கு வலிமையை இழந்து நிற்கிறது.

அப்படியானால் சிறிய சிலிண்டரே நல்லதன்றோ எனலாம். அதுவும் முழு உண்மையன்று. டிஸ்க் கவ்வியின் பிஸ்டன்கள் பெரியவை. அவற்றை நகர்த்த மிகுந்த எண்ணெய் வேண்டும். சிறிய சிலிண்டர் அவ்வளவு எண்ணெயை அனுப்ப, மிதி நெடுந்தூரம் இறங்க நேரும். சற்றுத் தேய்மானம் சேர்ந்ததும் மிதி தரையைத் தொட்டுவிடும். விசையில் ஆதாயம் கொள்பவன் தூரத்தில் இழக்கிறான். தூரத்தில் ஆதாயம் கொள்பவன் விசையில் இழக்கிறான். நெம்புகோலுக்குப் படித்த அதே நீதி எண்ணெய்க் குழாயிலும் ஆட்சி செய்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு விட்டத்தைத் தேர்ந்துதான் வண்டி செய்தோர் சிலிண்டரை அமைத்தனர். எனவே, டிஸ்க்கைக் கொண்டுவருபவர் எந்த வண்டியிலிருந்து கொண்டுவருகிறாரோ அந்த வண்டிக்குரிய மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்துக் கொண்டுவருவதே நேரிய வழி.

மற்றொரு நுட்பமும் உண்டு. டிரம் பிரேக்குக்கென அமைந்த மாஸ்டர் சிலிண்டர்கள் பலவற்றுள் ஒரு சிறு வால்வு இருக்கும். காலை எடுத்த பின்னும் குழாயில் சிறிது அழுத்தத்தைத் தங்கவைப்பது அதன் தொழில். டிரம்மின் கட்டைகளை வலிய சுருள்வில்கள் பின்னிழுப்பதால், அந்தச் சிறு அழுத்தம் அங்கே தீங்கு செய்யாது. டிஸ்க்கின் திண்டுகளுக்கு அத்தகைய வில் கிடையாது. எஞ்சிய அழுத்தம் திண்டுகளைத் தட்டின்மீது ஓயாமல் உரசவைக்கும். தட்டு கொதிக்கும், எரிபொருள் வீணாகும், இறுதியில் எண்ணெயே ஆவியாகி மிதி பஞ்சுபோல் தளர்ந்துவிடும். வெளியே கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு வால்வு செய்யும் தீங்கு இவ்வளவு.

இனி, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள பங்கீட்டைக் காண்போம். ஓடும் பேருந்து திடீரென நிற்கும்போது நாம் முன்னே சாய்கிறோம். வண்டியும் அவ்வாறே முன்னே சாய்கிறது; அதன் எடையில் ஒரு பங்கு பின்சக்கரங்களை விட்டு முன்சக்கரங்களின்மீது ஏறுகிறது. ஹெரால்டின் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைத்தூரம் சுமார் 232 சென்டிமீட்டர். வண்டியின் எடை 800 கிலோ, புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரம் எனக் கணக்குக்காகக் கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் ஏழு பங்கு அளவுக்கு வேகத்தைத் தணித்தால், ஏறத்தாழ 133 கிலோ எடை பின்னிருந்து முன்னே மாறும். நின்ற நிலையில் சரிபாதியாக 400 கிலோ தாங்கிய இரு அச்சுகளும், அப்போது முன்னே 533, பின்னே 267 என்று தாங்கும். அதாவது இரண்டுக்கு ஒன்று.

எடை குறைந்த பின்சக்கரத்தில் பிரேக் மிகுந்தால் அது சுழலாமல் சிக்கி நின்று சறுக்கும். சாலையின்மீது டயருக்குள்ள பிடிமானம் வரம்புக்குட்பட்ட செல்வம் போன்றது. அதை முழுவதும் நிறுத்துவதற்கே செலவிட்டுவிட்டால், பக்கவாட்டில் நகராமல் காப்பதற்கு மிச்சம் இராது. முன்சக்கரங்கள் சிக்கினால் வண்டி திருப்பத்துக்கு இணங்காமல் நேரே போகும், அதுவும் தீங்கே. பின்சக்கரங்கள் முதலில் சிக்கினாலோ, பிடிமானம் இழந்த வால்புறம் தலைப்புறத்தை முந்த முயலும். வண்டி கண்ணிமைக்கும் நேரத்தில் சுழன்று திரும்பிவிடும். தேர்ந்த ஓட்டுநரும் அதை மீட்பது அரிது. எனவே, பின்சக்கரத்து வீல் சிலிண்டரைப் பெரிதாக்கினால் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்று எண்ணுவது பேராபத்து. ஸ்பிட்ஃபயர் இருவர் அமரும் குறுகிய வண்டி. ஹெரால்டு நால்வர் அமரும் நீண்ட வண்டி. ஒன்றின் பங்கீடு மற்றொன்றுக்கு அப்படியே உதவும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பலாகாது.

பிரேக்கிலிருந்து தாங்கமைப்புக்கு வருவோம். ஹெரால்டின் பின்புறம் ஓர் அரிய பாடம். குறுக்கே ஒரே பட்டைவில். தொழிலாளர் இதனைக் கமான் பட்டை என்பர். நடுவே வில் இறுக்கப்பட்டிருக்கும். இரு முனைகளும் இரு சக்கரங்களைத் தாங்கும். அச்சுகள் நடுவில் மட்டும் கீல் உடையவை. பறவையின் சிறகுகள்போல மேலும் கீழும் அசைபவை. இதற்கு ஊசலச்சு என்று பெயர் கொடுக்கலாம். குண்டும் குழியுமான பாதையில் ஒரு சக்கரம் ஏறினால் மற்றது அசையாது. பயணம் இதமாக இருக்கும். ஆனால் வளைவில் விரைந்து திரும்பும்போது, வெளிப்புறச் சக்கரத்தைச் சாலை உள்நோக்கித் தள்ளுகிறது. அந்த விசை அச்சை ஊன்றுகோலாகக் கொண்டு வண்டியின் பின்புறத்தையே மேலே தூக்குகிறது. பின்புறம் உயர்ந்ததும் சக்கரத்தின் அடி உள்ளே மடங்குகிறது. டயர் தன் விளிம்பில் நிற்கிறது. பிடிமானம் சட்டென்று குறைகிறது. வளைவின் நடுவே ஓட்டுநர் அஞ்சி ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால், எடை முன்னே சாய்ந்து, பின்புறம் மேலும் உயர்ந்து, கேடு இரட்டிக்கிறது.

டிரையம்ஃப் நிறுவனத்தார் 1970-இல் வெளிவந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 4 என்னும் வண்டியில் இதற்கு எளிய தீர்வு கண்டனர். வில்லின் இதழ்களுள் ஒன்றை மட்டும் இறுக்கி, மற்றவற்றை நடுவில் ஒரு கீலின்மீது தராசுத்தண்டுபோல் அசையவிட்டனர். இரு சக்கரங்களும் ஒருசேர ஏறும்போது இதழ்கள் அனைத்தும் சேர்ந்து தாங்கும். வண்டி ஒருபுறம் சாயும்போதோ பெரும்பாலான இதழ்கள் எதிர்க்காமல் உடன் சாயும். இதனால் பின்புறம் தூக்கப்படும் கேடு வெகுவாகத் தணிந்தது. விலையும் குறைவு, மாற்றுவதும் எளிது என்பதால், இங்கிலாந்தில் பழைய ஸ்பிட்ஃபயர், ஹெரால்டு வைத்திருப்போர் பலர் இந்த ஊசல்வில்லைத் தங்கள் வண்டிகளில் பொருத்திக்கொள்கின்றனர்.

இங்கும் ஓர் உறுப்பு தனியே வருவதில்லை. பின்வில் சாய்வை எதிர்க்காமல் விட்டுவிட்டால், அந்தச் சாய்வை யார் தாங்குவது? வண்டி செய்தோர் இதனை மறக்கவில்லை. முன்புறத்தில் இரு சக்கரங்களையும் இணைக்கும் சாய்வுத்தடுப்புக் கம்பியின் கனத்தை, ஓர் அங்குலத்தில் பதினாறில் பதினொரு பங்கிலிருந்து எட்டில் ஏழு பங்காக உயர்த்தினர். முறுக்கை எதிர்க்கும் வலிமை விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப வளர்வதால், இச்சிறு மாற்றமே அக்கம்பியை இரண்டரை மடங்குக்கும் மேலாக வலிமையாக்கிற்று. வில்லை மாற்றிக் கம்பியை மாற்றாதவர் பாதி மருந்தை உண்டவராவார். அவர் வண்டி வளைவுகளில் படகுபோல் சாயும். மேலும், அந்த வில் இருவர் செல்லும் வண்டிக்கென அளவிட்டது. ஹெரால்டின் பின்னிருக்கையில் இருவரை அமர்த்தி, பெட்டிகளையும் ஏற்றினால், அது தாழ்ந்துவிடக்கூடும். ஆகவே வண்டியில் எத்தனை பேர் வழக்கமாகச் செல்வர் என்பதையும் எண்ணியே வில்லைத் தேர வேண்டும். வைட்டெஸின் முன்சுருள்வில்லை ஹெரால்டில் வைத்தால் நேர்வது இதற்கு மறுதலை. ஆறு சிலிண்டர் எஞ்சினின் கனத்துக்காகச் செய்த அந்த வில், இலேசான எஞ்சினின் கீழ் மூக்கைத் தூக்கி நிற்கும்.

சென்னையில் இதே கேள்விக்கு வேறு விடை கிடைத்தது. ஹெரால்டின் வழித்தோன்றலாக 1972-இல் இங்கு வெளிவந்த ஸ்டாண்டர்டு கெஸல் என்னும் கார், ஊசலச்சைக் கைவிட்டு, இரு சக்கரங்களையும் ஒரே தண்டாக இணைக்கும் முழு அச்சைக் கொண்டது. ஒரே குறைக்கு ஒருவர் வில்லை மாற்றினார். மற்றொருவர் அச்சையே மாற்றினார். இரண்டிலும் உறுப்பு ஒன்று மாறியபோது அதன் சுற்றமும் உடன் மாறியது என்பதே நாம் கருத்தில் கொள்ள வேண்டியது.

சிறியவை என்று தள்ளக்கூடாத சில செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். வைட்டெஸ், ஜி.டி.6 ஆகியவற்றின் முன்சக்கரம் சுழலும் குட்டையச்சு, ஹெரால்டின் அச்சைவிடப் பருத்தது, பேரிங்குகளும் வேறு. பார்வைக்கு ஒத்திருப்பதால் கலந்து பூட்டினால் சக்கரமே கழன்றுபோக இடமுண்டு. முன்பக்கச் செங்குத்துத் தண்டின் அடிமுனை மரையாக அமைந்து, ஒரு வெண்கலக் கட்டைக்குள் திரும்புகிறது. இடத் தண்டின் மரையும் வலத் தண்டின் மரையும் எதிரெதிர்த் திசையில் வெட்டப்பட்டவை. இடம் மாற்றிப் பூட்டலாகாது. இவ்விடத்துக்குக் கெட்டியான கிரீஸ் ஆகாது. கியர்ப்பெட்டிக்குரிய எண்ணெயே வேண்டும். எண்ணெய் காணாத தண்டு உள்ளே துருவேறி, ஒருநாள் வளைவில் முறிந்து சக்கரம் மடிந்துவிடும். உடைத்த வண்டியிலிருந்து வாங்கும் தண்டை, முதலில் கழற்றித் துடைத்து, மரையின் அடியில் வெடிப்போ அரிப்போ உண்டா என்று பார்த்த பின்னரே பூட்ட வேண்டும். ரப்பர்க் குழாய்களையும் ரப்பர் வளையங்களையும் பழையதிலிருந்து எடுக்கவே கூடாது. பிரேக் எண்ணெயிலும் சாதி வேறுபாடு உண்டு. இவ்வகைக் கார்களுக்குக் கிளைக்கால் இன எண்ணெய் உரியது. சில சிட்ரோயன் கார்களுக்குரிய கனிம எண்ணெயை இதில் ஊற்றினால் ரப்பர் ஊதிப் பருத்துப் பிரேக்கே செயலற்றுவிடும்.

சட்டமும் இதில் கருத்துச் செலுத்துகிறது. நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதற்கு வரம்பு விதிக்கிறது. இங்கிலாந்தில் நாற்பது ஆண்டு கடந்த கார்களுக்கு 2018 முதல் ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. ஆனால் தாங்கமைப்பின் முறையே மாறும்படி வண்டியைப் பெரிதும் திருத்தியிருந்தால் அச்சலுகை கிட்டாமற் போகலாம். பாதுகாப்பைக் கூட்டுவதற்காகச் செய்யும் மாற்றங்களுக்கு அங்கே இடம் தந்திருக்கின்றனர். சட்டத்தின் நோக்கம் மாற்றத்தைத் தடுப்பதன்று. ஆராயாத மாற்றத்தைத் தடுப்பதே.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கினால் வேலையின் ஒழுங்கு தானே புலப்படும். முதலில், உறுப்பு எந்த வண்டிக்கு, எந்த எடைக்கு, எந்த வேகத்துக்குச் செய்யப்பட்டது என்று அறிதல் வேண்டும். அடுத்து, அங்கே அதனோடு சேர்ந்து உழைத்த துணை உறுப்புகள் யாவை என்று பட்டியல் எழுதிக்கொண்டு, அவற்றையும் உடன் கொணர வேண்டும். இரு முன்சக்கரங்களிலும் ஒரே நேரத்தில், ஒரே வகையை மாற்ற வேண்டும். எண்ணெய்க் குழாய்களிலிருந்து காற்றை முற்றிலும் வெளியேற்றிய பின், நின்ற நிலையில் மிதியை அழுத்திப் பிடித்து அது மெல்ல இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஆளரவமற்ற வெளியில், குறைந்த வேகத்தில் தொடங்கிப் படிப்படியாகச் சோதிக்க வேண்டும். உலர்ந்த தரையில் ஒருமுறை, ஈரத் தரையில் ஒருமுறை, சுமையோடு ஒருமுறை என்று பார்த்து, எந்தச் சக்கரம் முதலில் சிக்குகிறது என்பதை வெளியே நிற்கும் ஒருவர் குறித்துக்கொள்வது நலம். பயின்ற மெக்கானிக் ஒருவரின் கண்ணும் கையும் படாமல் இப்பணியைத் தனியே முடிக்க எவரும் துணியலாகாது.

பழைய வண்டிகளை ஓடவைப்பது நல்ல கலை. பொருளை வீணாக்காத குணத்தையும், ஒரு பொறியை முழுதாய் அறியும் பொறுமையையும் அது வளர்க்கிறது. உறுப்பைக் கையில் எடுத்ததும் இது இங்கே பூட்டுமா என்று கேட்பதோடு நின்றுவிடாமல், இது அங்கே என்ன பணி செய்தது, இங்கே அப்பணியை யாரோடு சேர்ந்து செய்யும் என்று கேட்கப் பழகுங்கள். விடை கிடைக்கும்வரை மரையை இறுக்காதீர்கள்.